லாசாவிலிருந்து ஒரு கவர்

ஒரு சின்னப் பரீட்சை வைக்கலாமா?

உங்கள் முன்னால் ஒரு பழைய கவர் இருக்கிறது. பழுப்பேறி, ஓரம் மடங்கி, பார்த்தாலே பாட்டன் காலத்துச் சமாசாரம் என்று தெரிகிற கவர். விலாசத்தில், ‘வெள்ளிமலை, கல்வராயன் மலை, கள்ளக்குறிச்சி வழி, விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு’ என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே 606-ல் ஆரம்பிக்கும் ஆறு இலக்கப் பின்கோடு. தபால் முத்திரையில் தேதி 1961. விற்க வந்தவர் சொல்கிறார்: “ஜாகீர்தார் காலத்துல மலை மேல போன தபால் சார். ஐயாயிரத்துக்குக் கம்மியா கொடுக்க மாட்டேன்.”

வாங்குவீர்களா?

வாங்கினால் ஐயாயிரம் அம்பேல். விழுப்புரம் மாவட்டம் என்று ஒன்று பிறந்ததே 1993 செப்டம்பரில்தான். 1961-ல் கள்ளக்குறிச்சி, தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. அது தனி மாவட்டமானது 2019 நவம்பரில். பின்கோடு முறை இந்தியாவில் அறிமுகமானது 1972 ஆகஸ்ட் 15 அன்று. ஆக, இந்தக் கவரில் விலாசம் எழுதியவர் ஒன்று தீர்க்கதரிசியாக இருக்க வேண்டும். அல்லது திருடராக இருக்க வேண்டும்.

‘தமிழ்நாடு’ என்று எழுதியிருக்கிறாரே, அந்தப் பெயரும் 1969 ஜனவரியில்தானே வந்தது என்று கேட்பீர்கள். அதை மட்டும் வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. அந்தப் பெயரைக் கேட்டு சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்து உயிர் விட்டது 1956-ல். சர்க்கார் ஒப்புக்கொள்வதற்கு முன்பே ஆசையாக அப்படி எழுதியவர்கள் இருந்திருக்கலாம். மாவட்டமும் பின்கோடும் மாட்டிக்கொடுக்கின்றன. மாநிலத்தின் பெயர் மாட்டிக்கொடுக்கவில்லை. எல்லாத் தடயமும் ஒரே எடை கிடையாது.

உள்ளூர் கவர் என்பதால் இதைக் கண்டுபிடித்துவிட்டோம். மாவட்டம் எப்போது பிரிந்தது என்று நமக்குத் தெரியும். தெரியாவிட்டால் தாலுகா ஆபீஸில் கேட்கலாம். கவர் வந்த இடம் திபெத்தாக இருந்தால்?

அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

*

1903-ல் கர்னல் யங்ஹஸ்பண்ட் தலைமையில் ஒரு பிரிட்டிஷ் இந்தியப் படை இமயமலையைத் தாண்டி திபெத்துக்குள் நுழைந்தது. ரஷ்யாக்காரன் அங்கே காலூன்றிவிடுவானோ என்று கல்கத்தாவில் உட்கார்ந்திருந்த வைஸ்ராய் கர்சனுக்குப் பயம். வழியில் துப்பாக்கிச் சூடு, சாவு, ரத்தம் எல்லாம் ஆகி, 1904 செப்டம்பரில் லாசாவில் ஒப்பந்தம் போட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

படை போனால் தபாலும் போகும். சிப்பாய்க்கு வீட்டுக் கடிதம் வராவிட்டால் துப்பாக்கியைத் தூக்க மனசு வராது. அப்படிப் போன தபால் ஏற்பாடு, படை திரும்பிய பிறகும் திரும்பவில்லை. கியான்ட்சே, ஃபாரி, யாதுங் ஆகிய திபெத்திய ஊர்களில் இந்தியத் தபால் ஆபீஸ்கள் தொடர்ந்து நடந்தன. ஒரு வருஷம், இரண்டு வருஷம் இல்லை. அரை நூற்றாண்டு! நாடு சுதந்திரம் அடைந்த பிறகும், காந்தி ஸ்டாம்ப் வந்த பிறகும், நேருவின் அரசு திபெத்துக்குள் போஸ்ட் ஆபீஸ் நடத்திக்கொண்டிருந்தது. 1954 ஏப்ரலில் சீனாவோடு ஒப்பந்தமாகி, 1955-ல்தான் கடையை மூடிச் சாவியைக் கொடுத்தார்கள்.

இடையில் சீனாவும் ஒரு கை பார்த்தது. 1910-ல் மஞ்சு அரசின் படை லாசாவுக்குள் வந்தது. பதிமூன்றாவது தலாய் லாமா டார்ஜிலிங்குக்குத் தப்பி ஓடினார். திபெத்தில் இயங்கிய சீனத் தபால் ஆபீஸ்களுக்காக 1911-ல் சீன ஸ்டாம்ப்பின் மேலேயே புது விலை அடித்தார்கள். சீன எழுத்து, திபெத்திய எழுத்து, கூடவே ஆங்கிலம். விலை என்ன நாணயத்தில் தெரியுமா? பை, அணா, ரூபாய்! சீனச் சக்கரவர்த்தியின் ஸ்டாம்ப்பில் இந்திய அணா. காரணம் எளிது. திபெத் சந்தையில் ஓடிய காசு நம்முடைய ரூபாய். ஆட்சி யாருடையது என்பது ஒரு கணக்கு. கல்லாவில் எந்தக் காசு விழுகிறது என்பது இன்னொரு கணக்கு.

1911-ல் சீனாவில் புரட்சி வெடித்தது. லாசாவில் இருந்த சீனப் படை தனித்து மாட்டிக்கொண்டு கடைசியில் வெளியேறியது. 1912-ன் முடிவில் லாசா அரசு தன் சொந்த ஸ்டாம்ப்பை வெளியிட்டது. 1913 ஜனவரியில் தலாய் லாமா லாசாவுக்குத் திரும்பினார்.

அந்த ஸ்டாம்ப் நம் நாசிக் அச்சகச் சரக்கு மாதிரி பளபளப்பாக இருக்காது. மரக்கட்டையில் கையால் செதுக்கி, உள்ளூர்க் காகிதத்தில், கையாலேயே அச்சடித்தது. நடுவில் பனிச்சிங்கம். ஒரு தாளுக்குப் பன்னிரண்டு ஸ்டாம்ப். ஓரத்தில் பல் கிடையாது. கத்தரியை எடுத்து வெட்டிக்கொள்ள வேண்டியதுதான். 1914-ல் பெரிய விலைக்கு இரண்டு, 1933-ல் புது வரிசை ஒன்று. 1950-களின் கடைசிவரை திபெத்தின் தபால் கதை இவ்வளவுதான்.

*

இதற்குப் போய் ஏன் இத்தனை ஆராய்ச்சி? ஸ்டாம்ப் சேகரிப்பு பணக்காரப் பொழுதுபோக்கு, நமக்கு என்ன வந்தது என்று தோன்றலாம்.

வந்தது நிறைய. திபெத் ஒரு தனி நாடாக இருந்ததா இல்லையா என்பது இன்றுவரை தீராத வழக்கு. என்றைக்குமே எங்கள் பகுதிதான் என்கிறது சீனா. இல்லை, எங்களுக்கென்று கொடி இருந்தது, நாணயம் இருந்தது, ஸ்டாம்ப் இருந்தது என்கிறார்கள் திபெத்தியர்கள். ஆக, அந்தக் கையகலம்கூட இல்லாத காகிதத் துண்டு ஒரு தேசத்தின் வழக்கில் சாட்சிக் கூண்டில் நிற்கிறது. சாட்சியே போலி என்றால் என்ன ஆகும்? எதிர்க்கட்சி வக்கீல் அந்த ஒன்றைத் தூக்கிப் பிடித்து, மற்ற ஒன்பது நிஜத்தையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுவார்.

போலிகளுக்குப் பஞ்சமே இல்லை. கையால் செய்த ஸ்டாம்ப்பைக் கையால் போலி செய்வது சுலபம் இல்லையா? பெரிய மெஷின் வேண்டாம். வாட்டர்மார்க் தொல்லை இல்லை. ஒரு கட்டை, கொஞ்சம் மை, கொஞ்சம் முரட்டுக் காகிதம். ஆள் ரெடி.

ஆனால் பாருங்கள், அந்தக் கைவேலையே போலியைக் காட்டியும் கொடுக்கிறது. தாளில் இருக்கும் பன்னிரண்டு ஸ்டாம்ப்பையும் தச்சன் தனித்தனியாகச் செதுக்கினான். பன்னிரண்டு சிங்கம் என்றால் பன்னிரண்டு முகம். ஒன்றுக்கு வால் கொஞ்சம் தூக்கல், இன்னொன்றுக்கு எழுத்து கொஞ்சம் சாய்வு. ஆங்கிலம் தெரியாத கை செதுக்கியதால், ‘போஸ்டேஜ்’ என்ற வார்த்தையில் ‘எஸ்’ஸும் ‘டி’யும் இடம் மாறி, ‘போட்சேஜ்’ ஆகிப்போன ஸ்டாம்ப்கூட உண்டு. இந்தக் குறைகளையெல்லாம் வைத்து, கையில் கிடைத்த ஒற்றை ஸ்டாம்ப் தாளில் எத்தனையாவது இடத்தில் இருந்தது என்று நிபுணர்கள் சொல்லிவிடுவார்கள். பன்னிரண்டு முகத்தில் எதிலும் சேராத பதிமூன்றாவது முகம் வந்தால் அங்கேயே சந்தேகம். ஒரே ஸ்டாம்ப்பைப் படமெடுத்து பிளாக் செய்து அடித்த தாளில் பன்னிரண்டு சிங்கமும் இரட்டைப் பிள்ளை மாதிரி அச்சாக ஒன்றாக நிற்கும். அழகாக இருக்கும். அந்த அழகுதான் அதன் தவறு.

*

சரி, ஸ்டாம்ப் நிஜம்தான் என்று முடிவாகிவிட்டது. அது ஒட்டிய கவர் நிஜமா? எந்த வருஷத்துக் கவர்?

இங்கேதான் பெரிய சிக்கல். திபெத்தியத் தபால் முத்திரைகளில் பெரும்பாலும் தேதி கிடையாது. ஊர்ப் பெயர் இருக்கும். நாள், மாதம், வருஷம் மூச்! தேதி இல்லாத முத்திரையை வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் தபால் வரலாறு எழுதுவது எப்படி?

நான் பி.காம். படித்தவன். ஆடிட்டிங் வகுப்பில் முதல் மாதமே மண்டையில் ஏற்றும் சமாசாரம் ஒன்று உண்டு. வவுச்சர் அழகாக இருப்பதால் செலவு நடந்துவிட்டது என்று நம்பாதே. கேஷ் புக்கை கம்பெனிக்காரன் எழுதுகிறான். பாஸ் புக்கை பேங்க்காரன் எழுதுகிறான். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார். கம்பெனிக்காரனின் கை எட்டாத இடத்தில் எழுதப்பட்ட கணக்குதான் உனக்குத் துணை.

திபெத்துக்கு அப்படி ஒரு பாஸ் புக் இருந்தது. அதை எழுதியது இந்தியத் தபால் துறை.

எப்படி என்று சொல்கிறேன். ஒரு நாட்டின் ஸ்டாம்ப் இன்னொரு நாட்டில் செல்ல வேண்டுமானால் சர்வதேச அஞ்சல் ஒன்றியத்தில் சேர்ந்திருக்க வேண்டும். 1874-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் பிறந்த அமைப்பு அது. இந்தியா 1876-ல் சேர்ந்துவிட்டது. திபெத் கடைசிவரை சேரவே இல்லை. அதனால் திபெத்திய ஸ்டாம்ப் திபெத்துக்குள்தான் செல்லும். லாசாவில் கடை போட்டிருந்த நேபாள நேவார் வியாபாரி கல்கத்தாவுக்குக் கடிதம் போட வேண்டுமென்றால், லாசாவிலிருந்து கியான்ட்சேவரைக்கும் திபெத்திய ஸ்டாம்ப். அங்கிருந்து இந்திய ஸ்டாம்ப். ஒரே கவரில் பனிச்சிங்கமும் இருக்கும், ஜார்ஜ் மன்னரும் இருப்பார்.

சிங்கத்தின் மேல் தேதி இல்லாத முத்திரை. மன்னரின் மேல் விழுவதோ இந்தியத் தபால் முத்திரை. ஊர், நாள், மாதம், வருஷம் எல்லாம் அதில் உண்டு. அதோடு முடியவில்லை. மூட்டை சும்பிப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி, மலை தாண்டி, கல்கத்தா வந்து சேர்ந்ததும் கவரின் முதுகில் இன்னொரு முத்திரை. இன்னொரு தேதி. லாசாக்காரருக்கும் கல்கத்தா தபால் குமாஸ்தாவுக்கும் மாமன் மச்சான் உறவு கிடையாது. ஒருவருக்காக ஒருவர் பொய் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டும் ஒத்துப்போனால் கணக்கு நேர்.

இனி நீங்களே ஆடிட்டர் ஆகிவிடலாம். கியான்ட்சே முத்திரை 1920 என்கிறது. ஆனால் ஒட்டியிருப்பது ஆறாம் ஜார்ஜ் ஸ்டாம்ப். ஆறாம் ஜார்ஜ் முகத்தோடு இந்திய ஸ்டாம்ப் வந்தது 1937-ல். கவர் பொய். அதே 1920 கவரில் எட்வர்டு மன்னரின் ஸ்டாம்ப் இருந்தால்? அவர் 1910-லேயே இறந்துவிட்டார். ஆனாலும் பழைய ஸ்டாம்ப் அலமாரியில் கிடந்து மெதுவாகச் செலவாகியிருக்கலாம். ஆக, எட்வர்டு நிரூபிப்பதும் இல்லை, மறுப்பதும் இல்லை. நம்முடைய கள்ளக்குறிச்சிக் கவரில் ‘தமிழ்நாடு’ இருந்ததே, அதே கதை. நாளைக்கு வரப்போவது நேற்றைய கவரில் இருக்க முடியாது. நேற்றையது இன்றைக்கும் மிச்சம் இருக்கலாம்.

அடுத்தது பயணக் கணக்கு. கியான்ட்சேயில் திங்கள்கிழமை முத்திரை, கல்கத்தாவில் செவ்வாய்க்கிழமை முத்திரை என்றால், மூட்டையைத் தூக்கிக்கொண்டு பனியில் நடந்தவர் பறந்தா வந்தார்? தேதிகள் வரிசையாக இருந்தால் மட்டும் போதாது. மனிதக் காலால் நடக்கக்கூடிய வரிசையாகவும் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் போலிக்காரனும் படித்திருப்பான். அதனால் அவன் கையாளும் வித்தை ஒன்று உண்டு. கியான்ட்சேயிலிருந்து கல்கத்தா போன நிஜமான இந்தியக் கவர் ஒன்றை மலிவாக வாங்குவான். எல்லாத் தேதியும் சுத்தம். காலியாக இருக்கும் மூலையில் ஒரு திபெத்திய ஸ்டாம்ப்பை ஒட்டி, தேதியில்லாத முத்திரை ஒன்றைக் குத்தினால் தீர்ந்தது. பாஸ் புக் நிஜம், கேஷ் புக்கில் மட்டும் ஒரு வரி இடைச்செருகல்!

இதைப் பிடிக்கக் கண் வேண்டும். முத்திரை ஸ்டாம்ப்பின் மேல் பாதியும் கவரின் மேல் பாதியுமாக விழுந்திருக்கிறதா? இரண்டு பாதிக்கும் மை ஒன்றா? கவர் கசங்கிய இடத்தில் ஸ்டாம்ப்பும் சேர்ந்து கசங்கியிருக்கிறதா, அல்லது கவர் மட்டும் கிழவனாகி ஸ்டாம்ப் வாலிபனாக நிற்கிறதா? எல்லாவற்றுக்கும் மேல், கடிதம் புறப்பட்டது லாசாவா கியான்ட்சேவா? கியான்ட்சேயிலேயே எழுதி, அங்கே இருந்த இந்தியத் தபால் ஆபீஸில் போட்ட கடிதத்துக்குத் திபெத்திய ஸ்டாம்ப் எதற்கு? உள்ளே கடிதம் இருந்தால் அதைப் படித்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும்.

*

கவருக்குச் சொன்னது புத்தகத்துக்கும் பொருந்தும்.

திபெத் ஸ்டாம்ப் பற்றி அமெரிக்காவில் ஹேவர்பெக் என்பவர் 1952-ல் புத்தகம் எழுதினார். இங்கிலாந்தில் ஆர்னால்டு வாட்டர்ஃபால் 1965-ல் திபெத்தின் தபால் வரலாற்றை எழுதினார். பிறகு எழுதியவர்கள் இந்த மாதிரி முன்னோடிகளைப் பார்த்துத்தான் எழுத வேண்டியிருந்தது. அதில் தப்பில்லை. ஆனால் ஒருவர் புத்தகத்தில் உள்ள தேதியை இன்னும் ஒன்பது பேர் எடுத்துப் போட்டால் பத்துச் சாட்சி ஆகிவிடாது. ஒரே சாட்சியைப் பத்து மைக்கில் பேசவிட்டது போலத்தான். முதலில் சொன்னவர் எதைப் பார்த்துச் சொன்னார் என்பதைத் தேடிப் போக வேண்டும். கவரைப் பார்த்தாரா, சர்க்கார் ஃபைலைப் பார்த்தாரா, கடைக்காரர் சொன்னதைக் கேட்டாரா?

ஸ்டாம்ப் மாதிரி இருப்பதெல்லாம் ஸ்டாம்ப் இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1924 எவரெஸ்ட் பயணத்தில் படமெடுக்கப் போன ஜான் நோயல், செலவுக்குப் பணம் திரட்டுவதற்காக எவரெஸ்ட் படம் போட்ட நீல லேபிள் ஒன்றை அச்சடித்தார். முகாமிலிருந்து வந்த அஞ்சலட்டைகளில் அதை ஒட்டினார்கள். பார்த்தால் அசல் ஸ்டாம்ப் மாதிரியே இருக்கும். ஆனால் அஞ்சலட்டையைக் கொண்டுபோய்ச் சேர்க்க அதற்கு அதிகாரம் கிடையாது. அதற்குத் தனியாக ஸ்டாம்ப் வேண்டும். மோசடியும் இல்லை, தபால்தலையும் இல்லை. அது ஒரு நன்கொடைச் சீட்டு. பெட்டியில் போடுகிறவர் எந்தப் பெயரை எழுதிப் போடுகிறார் என்பதில்தான் தப்பு வருகிறது.

*

கடைசியாக ஒரு கேள்வி. எல்லாச் சோதனையும் தாண்டி ஒரு கவர் நிஜம் என்று நிரூபணமாகிவிட்டது. திபெத் தனி நாடு என்பதும் நிரூபணமாகிவிட்டதா?

அவசரப்படாதீர்கள். திருவிதாங்கூர் சமஸ்தானம் 1888-ல் சொந்த ஸ்டாம்ப் போட்டது. சங்கு முத்திரையோடு, ‘அஞ்சல்’ என்ற பெயரில் தனித் தபாலே நடத்தியது. இன்று தமிழ்நாட்டில் இருக்கும் நாகர்கோவில்கூட அன்றைக்கு அந்த அஞ்சலின் எல்லைக்குள்தான். சமஸ்தானத்தைத் தாண்டிப் போக இந்திய ஸ்டாம்ப் வேண்டும். கிட்டத்தட்ட திபெத் கதைதான். ஆனால் திருவிதாங்கூர் அன்றைக்கு பிரிட்டிஷாரின் மேலாதிக்கத்தில் இருந்தது. அதேபோல, திபெத்துக்குள் இந்தியா அரை நூற்றாண்டு போஸ்ட் ஆபீஸ் நடத்தியது என்பதற்காகத் திபெத் இந்தியாவின் ஜில்லா ஆகிவிடாது. கல்வராயன் மலையில் 1976 வரைக்கும் மூன்று ஜாகீர்தார் குடும்பங்களின் கொடி பறந்தது. அவர்கள் கொடுத்த வரி ரசீது ஒன்று கிடைத்தால், அது மலைவாழ் மக்கள் யாருக்குக் கப்பம் கட்டினார்கள் என்பதற்குச் சாட்சி. கல்வராயன் மலை தனி தேசம் என்பதற்குச் சாட்சி இல்லை.

லாசா கவரும் அப்படித்தான். இன்ன தேதியில் லாசா அரசு தன் ஸ்டாம்ப்போடு, தன் ஆள் வைத்துத் தபால் நடத்தியது. எல்லையில் இந்திய அரசு அந்தத் தபாலை வாங்கிக்கொண்டது. கவர் சொல்வது இவ்வளவுதான். சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் யாராலும் அசைக்க முடியாத விஷயம். இன்னும் பல சாட்சிகளோடு சேரும்போது அதற்கு எடை கூடும். 1948-ல் வர்த்தகக் குழுவோடு உலகம் சுற்றிய திபெத்திய அதிகாரி ஷகப்பாவின் பாஸ்போர்ட் தொலைந்துபோய், 2003-ல் நேபாளத்தில் ஒரு பழம்பொருள் வியாபாரியிடம் கிடைத்தது. அதிலும் எல்லோரும் முதலில் தேடிப் பார்த்தது பல நாடுகளும் குத்திய விசாவையும் முத்திரையையும்தான். பாஸ்போர்ட்டை திபெத் எழுதியது. முத்திரையை மற்றவர்கள் குத்தினார்கள். அதே பாஸ் புக் கணக்கு!

இதில் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பரணில் தாத்தாவின் டிரங்குப் பெட்டி கிடக்கும். மலாயாவிலிருந்தோ ரங்கூனிலிருந்தோ, பக்கத்துக் கச்சிராயபாளையத்திலிருந்தோ வந்த பழைய கவர்கள் அதில் இருக்கும். பேரனுக்கு ஆல்பம் வேண்டும் என்று ஸ்டாம்ப்பை மட்டும் வெட்டி, தண்ணீரில் ஊறவைத்து எடுத்துவிடாதீர்கள். ஸ்டாம்ப் ஆயிரம் பேரிடம் இருக்கும். விலாசம், இரண்டு ஊர் முத்திரை, முதுகில் உள்ள தேதி, உள்ளே தாத்தாவின் கையெழுத்து எல்லாம் சேர்ந்த கவர் உலகத்தில் அந்த ஒன்றுதான். அதை முழுசாக ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

யாராவது ஒருநாள் கணக்குப் பார்க்க வருவார்கள்.